வாசலைக் கடந்து வந்தவர்கள்: புதுச்சேரித் தகவல் கிராமங்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

புதுச்சேரிக்கு மேற்கே உள்ள கீழூரில் ஒரு சினைமாடு ஐந்து நாள் இரவும் பகலும் கன்று ஈன முடியாமல் கதறியது. அந்த வீட்டுக்கு இருந்த ஒரே கறவை அதுதான். பால் காசுதான் அவர்கள் நம்பியிருந்த வருமானம். வீட்டுக்காரப் பெண்மணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாடு படும் பாடு தெருவில் பேச்சாகி, ஊரில் ஒரு விவசாயியின் காதுக்குப் போனது. அவர் வீட்டு முன்னறையில் ஊருக்குப் பொதுவான ஒரு கணினி இருந்தது. சம்பளம் எதுவும் வாங்காமல் அதை இயக்கிவந்தவர் அவருடைய மகள், கல்லூரிப் படிப்பு முடித்தவர். சுற்றுவட்டாரக் கால்நடை மருத்துவர்களின் பட்டியலை அவர் திரையில் எடுத்துப் பார்த்தார். அன்றிரவே ஒரு மருத்துவர் வந்து, ஒற்றை பல்பு வெளிச்சத்தில் மாட்டின் உள்ளே கையை விட்டுக் கன்றின் காலைப் பிடித்து, கயிறு கட்டி வெளியே இழுத்தார். 2000-ஆம் ஆண்டில் இது நாளிதழ்ச் செய்தியாக உலகம் முழுக்கப் போனது.

அந்தப் பெண்மணி கணினியைத் தொடவே இல்லை. திரையைப் பார்த்தாரா என்பதுகூடத் தெரியாது. இன்று இணையதளம் நடத்துகிறவர்கள் 'இத்தனை பேர் பார்த்தார்கள், இத்தனை பேர் பதிவு செய்தார்கள்' என்று போடும் கணக்கில் அவருக்கு இடமே இருக்காது. என் கணக்கில் கீழூரின் முதல் பங்கேற்பாளர் அவர்தான். அவருடைய தேவை வாய்வழியே ஊருக்குள் பயணப்பட்டது. பட்டியல் வைத்திருந்த ஒருவரை எட்டியது. பதில் அதே வழியில் அவர் வாசலுக்குத் திரும்பி வந்தது. ஊர்த் தகவல் மையமோ ஊர் இணையதளமோ வேலை செய்கிறது என்றால் அதற்கு அடையாளம் இதுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சொந்த ஊருக்கு ஓர் இணையதளம் வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞர்கள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்ப்பவர்கள். கோபுரத்தின் படம், தல வரலாறு, திருவிழாப் புகைப்படங்கள், ஊர்ப் பெரியவர்களின் பெயர்கள் எல்லாம் ஆர்வத்தோடு ஏற்றப்படுகின்றன. ஆறு மாதத்தில் அமைதி வந்துவிடுகிறது. "ஊர்க்காரர்களுக்கு ஆர்வமில்லை" என்ற வருத்தம் மிஞ்சுகிறது. அந்த வருத்தம் உண்மையானது, ஆனால் அந்த முடிவு தவறு. கைப்பேசியோ பரவலான இணையமோ இல்லாத காலத்தில், வானொலி அலையில் தகவல் அனுப்பிய புதுச்சேரி ஊர்களில் தகவல் மையங்களைத் தேடி மக்கள் வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று பார்ப்பது பயன்படும்.

கேட்டுவிட்டுத் தொடங்கினார்கள்

வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதன் 1988-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம், தகவல் தொழில்நுட்பம் கடைக்கோடி மனிதருக்கு எப்படிப் போய்ச்சேரும் என்பதைப் பற்றி 1992-இலேயே ஒரு கலந்துரையாடல் நடத்தியது. 1998-இல் கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியோடு 'தகவல் கிராமம்' திட்டம் தொடங்கியது. திருக்காமீசுவரர் கோயில் இருக்கும் வில்லியனூர் அதற்கு நடு மையம். கீழூர், எம்பலம், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் போன்ற ஊர்களில் கிளை மையங்கள் அமைந்தன. தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் இந்தப் பணியில் பங்குகொண்டு, அதைப் பற்றி விரிவாக எழுதியும் பேசியும் வந்தார்.

தொலைபேசிக் கம்பி பல ஊர்களுக்கு ஒழுங்காக எட்டாத காலம் அது. வில்லியனூரில் மட்டும் தொலைபேசி வழியே இணையம் இருக்கும். அங்கிருந்து ஊர்களுக்குச் செய்தியும் குரலும் வானொலி அலையில் போகும். மின்வெட்டு அடிக்கடி வந்ததால் சூரியத் தகடுகளும் வைத்தார்கள். இந்தப் பொறியியல் அழகானதுதான், ஆனால் என்னை இழுப்பது அதற்கு முன்பு நடந்த ஒன்று. கணினி ஊருக்குள் வருவதற்கு முன்பே வீடு வீடாகப் போய், "உங்களுக்குச் செய்தி எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார்கள். பக்கத்து வீடு, கடைக்காரர், சந்தை, விதையும் உரமும் விற்க வரும் முகவர் என்று பதில் வந்தது. அரசு அலுவலகமும் விரிவாக்க அதிகாரியும் அந்தப் பட்டியலின் உச்சியில் இல்லை.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஊரில் ஏற்கெனவே ஒரு தகவல் வலை இருக்கிறது. யார் சொன்னால் நம்பலாம், யார் சொன்னால் பாதி கழிக்க வேண்டும், எந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் எது தெரியவரும் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். புதிதாக வருகிறவர் அந்த வலையில் ஒரு முடிச்சாகச் சேரலாம். அதை ஒதுக்கிவிட்டு வேறொரு வலை விரித்தால், விரித்தவரைத் தவிர யாரும் அதில் வந்து நிற்க மாட்டார்கள்.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. மையம் வேண்டும் என்று ஊர்தான் கேட்க வேண்டும். இடமும் மின்சாரமும் ஊர் கொடுக்க வேண்டும். இயக்குகிறவர்களை ஊர் தர வேண்டும். சாதி, ஆண் பெண், வயது என்று எந்தப் பேதமும் பார்க்காமல் எல்லோரையும் உள்ளே விட ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். நிறுவனம் கணினியும் கருவிகளும் பயிற்சியும் தரும். இலவசமாக வந்து இறங்கிய பொருளை ஊர் வேடிக்கை பார்க்கும். தானும் ஏதோ ஒன்றைப் போட்டுத் தொடங்கியதை விசாரிக்கும். "நேற்று ஏன் திறக்கவில்லை?" என்று கேட்க ஒருவருக்கு உரிமை வந்துவிட்டால், அவர் பங்கெடுக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள்.

எம்பலத்துக் கதவு

எம்பலத்தில் ஊர் கொடுத்த இடம் ஒரு பழைய கோயிலின் பகுதி. அந்தக் கோயிலின் ஒரு வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் மாதவிலக்கு நாளில் பெண்களுக்கும் அனுமதி இல்லை. இன்னொரு வாசல் மையத்துக்குப் போனது. அதில் யாரும் நுழையலாம். உள்ளே கணினிக்கு முன் உட்கார்ந்திருந்தவர்கள் ஊர்ப் பெண்கள். பெரிய படிப்பு இல்லை. ஆங்கில எழுத்துப் பலகையில் தமிழ் தட்டப் பழகியவர்கள்.

ஒரே கூரையின் கீழ் இருந்த அந்த இரண்டு வாசல்களை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியும் வலியும் சேர்ந்தே வருகின்றன. முதல் வாசல் மாறவில்லை. இரண்டாவது வாசல் திறந்தது. அதைத் திறந்தது கணினி என்று சொல்வது எளிது. எல்லோரும் வரலாம் என்ற நிபந்தனையை முதல் நாளே எழுதி, ஊரின் ஒப்புதலைப் பெற்றிருக்காவிட்டால், அதே கணினி முதல் வாசலின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கீழூரில் மையம் ஒருவர் வீட்டு முன்னறையில் இருந்தது. அந்த விவசாயி பொதுநல எண்ணம் உள்ளவர், மகளும் அப்படியே. ஆனால் எல்லா ஊரிலும் எல்லா முன்னறையும் அப்படி இருக்காது. பிறர் வீட்டுப் படியேறத் தயங்குகிறவர்கள் நம் ஊர்களில் யார் யார் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. பின்னாளில் பொதுக் கட்டடத்தையே திட்டத்தினர் வலியுறுத்தினார்கள்.

இதற்கு மறுபக்கச் சான்று மதுரை மாவட்டம் மேலூரிலிருந்து கிடைக்கிறது. 2001-இல் தொடங்கி மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் அவை இயங்கின. ஓராண்டுக்கு மேல் ஓடிய பிறகும் ஊரின் குடும்பங்களில் சிறு பங்கினர்தான் அவற்றுக்குப் போனார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், ஆண்கள், மாணவர்கள், கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளைகள், சமூகத்தில் முன்னேறிய பிரிவினர். ஊரில் ஏற்கெனவே யார் கை ஓங்கியிருந்ததோ அவர்கள் கைக்கே இன்னொரு கருவி போய்ச்சேர்ந்தது. விதிவிலக்கும் அதே ஆய்வில் உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குப் பக்கத்தில் மையம் அமைந்த இடங்களிலும், அந்தச் சமூகத்திலிருந்தே ஒருவர் முன்நின்று அழைத்துவந்த இடங்களிலும் அவர்களும் கூடுதலாக வந்தார்கள். உள்ளூர்த் தகவல் இருப்பதும், கட்டணம் கட்டுப்படியாவதும் வரவைக் கூட்டின.

எங்கே இருக்கிறது, யார் அழைக்கிறார்கள் என்ற இரண்டும் திரையில் தெரிவதைவிட முக்கியம் என்பது என் கருத்து. ஊர் இணையதளத்துக்கும் இது அப்படியே பொருந்தும். தளத்துக்கு முகவரி இருந்தால் போதும், தெரு இல்லை என்று நினைக்கிறோம். உண்டு. நிர்வாகக் குழுவில் ஐந்து பேர் இருந்து, ஐந்து பேரும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள் என்றால், அந்தத் தளம் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. காலனிப் பெண்கள் அதன் படியேற மாட்டார்கள்.

கடலோரத்தில் ஒரு குரல்

வீராம்பட்டினம் அரியாங்குப்பத்துக்குக் கிழக்கே உள்ள பெரிய மீனவர் ஊர். செங்கழுநீர் அம்மனின் ஆடித் தேருக்குப் பெயர்பெற்றது. அங்கே கால்நடை மருத்துவர் பட்டியலால் யாருக்கும் பயனில்லை. காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டம்) அவர்கள் படித்துக்கொண்டே வளர்ந்தவை. அவர்களுக்குத் தெரியாதது நாளைக்கு அலை எவ்வளவு உயரம் எழும்பும் என்பது. இதை அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் முன்கூட்டியே வெளியிட்டுவந்தது. வில்லியனூரில் அதை இறக்கி, தமிழில் சொல்லி, வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். கடற்கரையில் கட்டிய ஒலிபெருக்கிகளில் அது ஒலித்தது. தொழிலுக்குப் புறப்படுகிறவர் வலையைச் சரிபார்த்தபடியே கேட்டுக்கொள்ளலாம்.

இந்த ஒலிபெருக்கியைத்தான் இந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த முடிவாக நான் கருதுகிறேன். மீனவர்களுக்குக் கணினிப் பயிற்சி கொடுத்து, மையத்துக்கு வரவழைத்து, திரையில் அலை உயரத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். நான்கு இளைஞர்கள் வந்திருப்பார்கள். செய்தியைக் கரைக்குக் கொண்டுபோனதால் கடலுக்குப் போகிற எல்லோருடைய காதிலும் அது விழுந்தது. நம் ஊர்களில் கோயில் திருவிழாவும் துக்கச் செய்தியும் தண்ணீர் திறக்கும் நேரமும் ஒலிபெருக்கியில்தானே வருகின்றன? ஊர் ஏற்கெனவே காது கொடுக்கும் இடத்தில் போய் நின்றார்கள்.

அலை உயரம் தினமும் வேண்டிய செய்தி என்பதையும் கவனிக்க வேண்டும். தல வரலாற்றை ஒருமுறை படித்தால் போதும். நாளைய அலையை நாளைக்கும் கேட்க வேண்டும். அறிவிப்பு சரியாக இருந்ததா என்று மறுநாளே கடல் சொல்லிவிடும். இப்படித்தான் ஒரு குரலுக்கு நம்பிக்கை சேர்கிறது.

அந்த நம்பிக்கையின் எடை 2004 டிசம்பர் 26 அன்று வீராம்பட்டினத்துக்குத் தெற்கே உள்ள நல்லவாட்டில் தெரிந்தது. அங்கும் இதே வகையான மையம் இருந்தது. கடல் நிலையைத் தினமும் ஒலிபெருக்கியில் சொல்லிவந்தார்கள். ஆழிப்பேரலை பற்றிச் சிங்கப்பூரில் தொலைக்காட்சியில் பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் வீட்டை எச்சரித்தார். சேதி பரவியதும் மையம் பூட்டியிருக்கக் கண்ட ஊர்க்காரர்கள் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் "ஊரை விட்டு வெளியேறுங்கள்" என்று அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்த ஊரில் வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் தப்பின.

கதவை உடைத்தவர்கள் மையத்தின் ஊழியர்கள் அல்லர். உள்ளே என்ன இருக்கிறது, எதற்கு அது பயன்படும், எப்படிப் போடுவது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பூட்டை உடைப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவும் தோன்றவில்லை, ஏனென்றால் அது அவர்களுடையது. ஆபத்துக்காக மட்டும் வைத்திருந்த கருவியாக இருந்தால் அந்த நேரத்தில் யாருக்கு அதன் நினைவு வந்திருக்கும்? ஒவ்வொரு நாளும் சாதாரணமாக ஒலித்த குரல் என்பதால்தான் அன்று அதைக் கேட்டு மக்கள் ஓடினார்கள்.

ஊர் எழுதியது

வெளியிலிருந்து உள்ளே வந்த தகவல் ஒரு பாதிதான். மையங்களில் இருந்த பெரும்பகுதி ஊர்களிலிருந்தே திரட்டப்பட்டது: அன்றைய நெல் விலை, விதை உர விலை, பஸ் நேரம், எந்த மருத்துவமனையில் யார் எப்போது இருப்பார், அரசுத் திட்டங்கள் எவை, யாருக்கு உரியவை. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களின் பட்டியலும் அதில் இருந்தது. அலுவலக அலமாரியில் இருக்கும் ஒரு பட்டியல் ஊர் நடுவில் வந்து நின்றால் என்ன ஆகும் என்று கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வருவார்கள். இல்லாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். தகுதியில்லாத பெயர் இருந்தால் அதையும் கேட்பார்கள். அலமாரியில் கிடந்த தாள் இப்படித்தான் பேச்சாக மாறுகிறது.

'நம்ம ஊரு செய்தி' என்று மாதம் இருமுறை வரும் ஓர் இதழையும் அச்சிட்டார்கள். கணினி மையம் நடத்துகிறவர்கள் எதற்குத் தாளில் அச்சிட வேண்டும் என்று தோன்றலாம். தாள் கைமாறும். டீக்கடைப் பெஞ்சில் கிடக்கும், ஒருவர் படிக்க நால்வர் கேட்பார்கள், பள்ளிக்கூடப் பிள்ளை பாட்டிக்கு வாசித்துக் காட்டும். தன் ஊர்ப் பெயரை அச்சில் பார்த்தவர், அடுத்த இதழுக்கு ஒரு சேதி கொண்டுவருவார்.

இதே உணர்வோடு இலங்கை மலையகத்தில் கொத்மலை சமூக வானொலி 1990-களின் இறுதியில் யுனெஸ்கோ துணையோடு செய்த முயற்சியும் நினைவுக்கு வருகிறது. நேயர்கள் கேள்விகளை எழுதி அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, விஷயம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிடைத்ததை ஒலிபரப்பில் சிங்களத்தில் விளக்குவார்கள். கணினியே பார்க்காத ஒருவரின் கேள்விக்கு இணையத்திலிருந்து பதில் வந்தது. கேட்டவரோடு சேர்த்துப் பள்ளத்தாக்கே அதைக் கேட்டது.

பிறகு என்ன ஆயிற்று

புதுச்சேரித் திட்டத்துக்கு 2001-இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது. 2007 ஆகஸ்ட் 15-க்குள் நாட்டின் ஒவ்வொரு கிராமத்திலும் ஓர் அறிவு மையம் என்று பெரிய இயக்கமும் எழுந்தது. அந்த இலக்கு நிறைவேறவில்லை. அதற்குள் கைப்பேசி வந்துவிட்டது. அலை உயரம், சந்தை விலை, பஸ் நேரம் எல்லாம் சட்டைப் பைக்குள் வந்த பிறகு மையத்துக்கு நடந்துபோக வேண்டிய தேவை குறைந்தது.

ஆனால் கைப்பேசி தராத ஒன்று இருக்கிறது. நாட்டு நடப்பு முழுக்க நொடியில் தெரிகிறது. நம் ஊர் ரேஷன் கடையில் இன்று பருப்பு வந்ததா என்பது தெரிவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் தெரியலாம் என்பீர்கள். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பெயர் பெயராகப் பாருங்கள். ஒரே சாதி, ஒரே கட்சி, ஒரே வயது, அல்லது ஆண்கள் மட்டும். எம்பலத்து முதல் வாசல் இன்னும் பல இடங்களில் அப்படியேதான் நிற்கிறது, கைப்பேசிக்குள். எல்லோரும் நுழையக்கூடிய இரண்டாவது வாசலாக ஓர் ஊர் இணையதளம் இருக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இவ்வளவு அக்கறையோடு இதைச் சொல்கிறேன்.

தொடங்க நினைக்கும் இளைஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: தளத்தின் பெயரை வாங்குவதற்கு முன் ஒரு மாதம் ஒதுக்குங்கள். வெளியூரில் இருந்தால் ஊரில் இருக்கும் சிலரோடு சேர்ந்து செய்யுங்கள். அவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். எல்லாத் தெருவுக்கும் போங்கள், காலனிக்கு முதலில் போங்கள். ஒரு நோட்டில் இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள்: நேற்று உங்களுக்குத் தெரியாமல் போனதால் நஷ்டமான சேதி எது? அது யாருக்குத் தெரிந்திருந்தது? இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். வங்கிக்குக் காப்பீட்டுத் தவணை கட்டக் கடைசி நாள் தெரியாமல் ஒருவர் தவறவிட்டிருப்பார். பக்கத்துத் தெரு ஆசிரியருக்கு அது தெரிந்திருக்கும். ஏரி மதகு திறக்கும் நாள் கடைமடைக்காரருக்குத் தெரியாமல் போயிருக்கும், வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் நீர்க்கட்டிக்குத் தெரிந்திருக்கும். அந்த ஆசிரியரும் நீர்க்கட்டியும்தான் உங்கள் தளத்தின் முதல் எழுத்தாளர்கள். அவர்களைத் தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள். அவர்கள் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள், கீழே அவர்கள் பெயரைப் போடுங்கள்.

எழுதியதை அன்று மாலையே ஒரு தாளில் அச்சிட்டு டீக்கடையிலும், பால் சொசைட்டியிலும், நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும், காலனிக் கோயில் சுவரிலும் ஒட்டுங்கள். ஒலிபெருக்கி கிடைத்தால் அதிலும் சொல்லுங்கள். தாளின் அடியில் ஒரு கைப்பேசி எண் இருக்கட்டும். அந்த எண்ணுக்கு யாராவது அழைத்து, "நேற்று நீங்கள் போட்ட பஸ் நேரம் தப்பு" என்று சண்டை பிடிக்கும் நாள் வரும். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். திருத்தத்தை அவர் பெயரிலேயே மறுநாள் தாளில் போடுங்கள்.